வெள்ளிக்கிழமை மாத்திரை

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை வழியனுப்பு சிஸ்டர் என்றுதான் சொல்வோம். வார்டு நர்ஸாகப் பல வருஷம் ஓடியாடி வேலை பார்த்தவர். ஒரு நாள் கனத்த உடம்புக்காரர் ஒருவரைக் கட்டிலில் தூக்கி உட்கார வைக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு அவரால் சரியாகக் குனிந்து நிமிர முடியவில்லை. வேலையை விட்டு அனுப்ப மனசு வராமல் நிர்வாகம் அவருக்கென்றே ஒரு வேலையை உண்டாக்கியது. குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று விளக்கிச் சொல்லி அனுப்ப வேண்டும். சில நாள் கழித்து போன் போட்டு விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான். லிஃப்டுக்குப் பக்கத்தில், வாளியும் துடைப்பமும் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து, ஒரு மேஜையும் சில நாற்காலிகளும் போட்டுக் கொடுத்தார்கள்.

நான் வரவேற்பு மேஜையில் இருப்பவன். என் இடத்திலிருந்து பார்த்தால் அந்த அறையின் கதவு நேராகத் தெரியும். ஒரே ஒரு தடவையைத் தவிர அது மூடி நான் பார்த்ததில்லை. ஃபினாயில் வாசனை போகட்டும் என்று திறந்தே வைத்திருப்பார். அதனால் உள்ளே நடப்பது பாதி என் காதிலும் விழும்.

வேலை அவருக்குப் பிடித்துப்போனது. மாத்திரை அட்டைகளை ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, நிதானமாகச் சொல்வார். இது வெறும் வயிற்றில், இது சாப்பிட்ட பிறகு, இதைப் போட்டால் தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள் என்று. கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். வந்தவர்கள் "புரிஞ்சுது சிஸ்டர்" என்பார்கள். ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, கதவு வரை வந்து வழியனுப்புவார்.

போன் போடும்போதுதான் ஆடிப்போவார். இன்ஹேலர் கருவியில் போட்டு மூச்சோடு உள்ளே இழுக்க வேண்டிய கேப்ஸ்யூலை ஒருவர் தினமும் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். இன்னும் இருமல் நிற்கவில்லையே என்று குறை வேறு. மார்பில் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டையை, பழையதை எடுக்காமலே அதன் பக்கத்தில் அடுத்தது, அதன் பக்கத்தில் அடுத்தது என்று ஒட்டிக்கொண்டே போயிருந்தார் இன்னொருவர். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சிஸ்டர் இதையெல்லாம் எங்களிடம் சொல்லி, டிபன் டப்பாவைத் திறக்கக்கூட மறந்து உட்கார்ந்திருப்பார். அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் இதைக் கேட்டு அலட்டிக்கொள்ள மாட்டாராம். லிஃப்டுக்குள் ஏறி பட்டனை அழுத்தாமல் நின்றுகொண்டு, ஏன் நகரவில்லை என்று எனக்கு போன் போடுகிறவர்கள் இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும் என்பாராம். சிஸ்டரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நாம் சரியாகத்தான் சொல்கிறோம், கேட்கிறவர்களுக்குக் காது சரியில்லை என்று.

டைம்கீப்பரும் டீச்சரும் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

டைம்கீப்பர் என்றால் பஸ் நிலையத்தில் வண்டி வரும் நேரம், போகும் நேரம் குறித்து, விசில் ஊதி அனுப்புகிறவர். ஓய்வு பெற்றும் ஆட்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சட்டையைத் தேய்த்து, பொத்தானைக் கழுத்து வரை போட்டு, வார்டுக்குப் பார்வையாளர் நேரம் தொடங்குவதற்குச் சற்று முன்பே வந்து என் மேஜை அருகில் நிற்பார். மணி அடித்ததும் முதல் ஆளாக உள்ளே போவார். அவர் மனைவி பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தவர். வாய் கொஞ்சம் நீளம். நர்ஸுகளையே "கையை நீட்டு பார்க்கலாம், நகம் வெட்டினியா?" என்று மிரட்டுவார். அவருக்குத்தான் மூட்டுவாதம். கை கால் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாத நிலையில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வீக்கம் வடிந்து, முகத்தில் களை வந்த பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று மூட்டு டாக்டர் சொன்னார்.

அன்றைக்கு சிஸ்டரின் அறையில் கூட்டம். அடுத்த குடும்பம் வேறு உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. டீச்சரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேஜைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் அது நுழையவில்லை. அதனால் டீச்சர் கதவுப் படியிலேயே, பாதி உள்ளே பாதி நடையில் என்று இருந்தார். டைம்கீப்பர் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தார். சிஸ்டர் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

அன்றைக்கு அவர் சொன்னது எனக்கே மனப்பாடம் மாதிரி இருக்கிறது. பிற்பாடு அத்தனை முறை அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். "சார், மூட்டுக்கு முக்கியமான மாத்திரை இதுதான். இதை வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் குடுங்க. மத்த நாள் எல்லாம் இந்த வைட்டமின் மாத்திரை. புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சுது சிஸ்டர்" என்றார் டைம்கீப்பர்.

கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் எழுந்து, சக்கர நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தார்.

சில நாள் கழித்து வழக்கம்போல் போன் போட்டார். மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். டைம்கீப்பர், "ஒரு நாள்கூட விடலை சிஸ்டர். காலையில டிபன் முடிஞ்ச கையோட நானே எடுத்துக் குடுத்துடறேன்" என்றார். சிஸ்டருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, எல்லோரும் இவர் மாதிரி இருந்துவிட்டால் நான் இங்கே உட்கார்ந்து ஈ ஓட்டலாம் என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஆகவில்லை. முற்பகல் வேளை, கூட்டம் அதிகம். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டைம்கீப்பர் இறங்கினார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது, அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. அவர் யாரையோ தாங்கிப் பிடித்து இறக்கினார். வாயைத் துண்டால் மூடியிருந்த அந்த அம்மாளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் மேஜையைத் தாண்டி ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது துண்டு நழுவியது. உதடெல்லாம் வெடித்து, ரத்தம் காய்ந்து, வாய்க்குள் ஒரே புண். போன தடவை போகும்போது என்னிடம், கணக்கு நோட்டை இவ்வளவு அசிங்கமாக வைத்திருக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போன டீச்சர் அது என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் ரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார். முடிவு வந்ததும் அவருக்கே முகம் மாறிவிட்டது. கிருமியை எதிர்த்து நிற்கிற வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டிய அளவில் ஒரு துளிதான் இருந்தன. காய்ச்சல் வேறு அடித்தது. என்னென்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு டைம்கீப்பர் பையைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். நாங்கள் மாத்திரை போட்டுக் கொடுத்த காகித உறைகூட மடிப்புக் கலையாமல் இருந்தது. டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிஸ்டரைக் கூப்பிடச் சொல்லி ஆளனுப்பினார்.

சிஸ்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேகவேகமாக வந்தார். டைம்கீப்பர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தெரிந்த முகம் வந்துவிட்டது என்ற நிம்மதி அவருக்கு. டீச்சருக்கு நாலைந்து நாளாகவே வாயில் புண் என்றும், உடம்புச் சூடு என்று நினைத்து இளநீரும் மோரும் கொடுத்துப் பார்த்ததாகவும், நேற்றிலிருந்து எதையும் விழுங்க முடியாததால் மாத்திரையை மட்டும் கரண்டியால் நசுக்கி, தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியதாகவும் மளமளவென்று சொன்னார். இந்த நேரத்தில் மருந்தை விட்டுவிடக் கூடாது பாருங்கள் என்றார்.

சிஸ்டர் கட்டிலின் மேல் கிடந்த அட்டைகளை எடுத்தார். வைட்டமின் அட்டை ஏறக்குறைய அப்படியே இருந்தது. மூட்டு மாத்திரை அட்டையைத் திருப்பினார். எல்லாம் காலி. ஓரத்தில் ஒன்றே ஒன்று மிச்சம்.

அந்த மாத்திரை பொல்லாதது. வாரத்துக்கு ஒன்று என்றால் மூட்டைக் காப்பாற்றும். தினமும் என்றால் ஆளையே தின்றுவிடும். ரத்தம் ஊறுகிற இடத்தையே அடைத்துவிடும். ஆஸ்பத்திரி உலகத்தில் எல்லோரும் பயப்படுகிற தப்பு அது. அது அவருடைய மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

"சார், இது வெள்ளிக்கிழமை மட்டும்னு சொன்னேனே" என்றார்.

"சொன்னீங்க" என்றார் டைம்கீப்பர். "நீங்க வாய் தவறி மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்."

சிஸ்டர் கையிலிருந்த காலி அட்டையை அவர் முன்னால் நீட்டினார்.

அவர் பொறுமையாக விளக்கினார். முக்கியமான மருந்து இது என்று நீங்களே சொன்னீர்கள். முக்கியமானதை வாரத்துக்கு ஒரு நாள் கொடுத்துவிட்டு, ஒன்றுமில்லாத வைட்டமினைப் போய் தினமும் யாராவது கொடுப்பார்களா? டாக்டர் எழுதிய சீட்டிலும் அதே தப்புதான் இருந்தது. ஒருவர் தப்பாக எழுதினால் அடுத்தவர் அதைத்தானே பார்த்துச் சொல்வார்? பஸ் நிலையத்தில் மேலிருந்து வருகிற அட்டவணையிலேயே அந்த மாதிரி எத்தனையோ தப்பு வரும். வெளியே சொல்லாமல் நானே சரி பண்ணி வண்டியை அனுப்பியிருக்கிறேன். அதே மாதிரிதான் இதையும் மாற்றிக்கொண்டேன், வெள்ளிக்கிழமைக்கு வைட்டமின், மற்ற நாளுக்கு முக்கியமான மாத்திரை.

"ரூம்ல நாலு பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க முன்னாடி உங்களைத் திருத்தினா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு பேசாம வந்துட்டேன்" என்றார்.

டாக்டர் பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தத்துக்கு டைம்கீப்பர் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சிஸ்டர் முகத்தை. ஏன், அப்படி இல்லையா என்று கேட்டார்.

அவரை வெளியே நடைக்குக் கூட்டிக்கொண்டு போய் சிஸ்டர்தான் சொன்னார். டாக்டர் தானே சொல்வதாகச் சொன்னாராம். வேண்டாம், நான் சொன்னதுதான் அவருக்குத் தப்பாகப் பட்டது, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சிஸ்டர் மறுத்துவிட்டார். ரெண்டு பேரும் தண்ணீர்க் குழாய் அருகில் நின்றார்கள். நான் ஒரு படிவம் கொடுக்கப் போனவன், கிட்டே போக முடியாமல் நின்றுவிட்டேன். டைம்கீப்பர் கேட்டு முடித்தார். தன்னுடைய வலது கையைப் பிரித்து, ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்ப நான்தானா?" என்றார்.

சிஸ்டர் குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அவர் கையில் கொடுத்தார்.

டீச்சரைத் தனி அறையில் வைத்தார்கள். கிருமி அண்டாமல் இருக்க யாரையும் உள்ளே விடவில்லை. விஷத்தை முறிக்கிற மாதிரி அதற்கென்று ஓர் ஊசி இருக்கிறது, நேரம் தவறாமல் அதைப் போட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பிழைப்பார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டைம்கீப்பர் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றார். உட்காரச் சொன்னால் உட்காருவார், திரும்பிப் பார்த்தால் நின்றுகொண்டிருப்பார். காபி வாங்கிக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு, ஆறிப்போன பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

நிர்வாகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். விளக்கம் சரியாக இருந்தது, கையெழுத்தும் இருந்தது. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, போய் நிம்மதியாக வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். சிஸ்டர் திரும்பி வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"நான் சொன்னது சரியாம். அவரும் நான் சொன்னதைச் சரியாத்தான் கேட்டிருக்காரு. கையெழுத்தும் சரியா இருக்கு. எல்லாம் சரியா இருந்து டீச்சர் எப்படிங்க சாகக் கிடக்கறாங்க?" என்றார்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன்.

அவரை அதிகமாக அரித்தது அந்த போன் பேச்சுதான். ஒரு நாள்கூட விடவில்லை என்று அந்த மனுஷர் நேராகச் சொல்லியிருக்கிறார். அதைவிடத் தெளிவாக யாரும் ஆபத்தைச் சொல்ல முடியாது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கும் அந்த வாரம் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. இப்போதாவது போன் போட்டு ஒவ்வொருவரிடமும் கேளேன் என்று அவர்தான் சொன்னாராம்.

சிஸ்டர் கேட்டார். அந்த வருஷம் தன் கையால் வழியனுப்பியவர்களை, வேலைக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் எல்லாம், ஒவ்வொருவராகப் போனில் பிடித்தார். ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்கவில்லை. காலையில் எழுந்ததும் என்ன எடுத்துப் போடுகிறீர்கள், எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு பெண்மணி, ஆஸ்பத்திரிக்கு வருமுன் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையையும் இங்கே கொடுத்ததையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். ரெண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு. தினமும் தலை சுற்றி விழுகிறேன், வயசாகிவிட்டது இல்லையா என்றாராம். சர்க்கரை நோயாளி ஒருவர், நெஞ்சு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் சர்க்கரை மாத்திரைக்குக் கோபம் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நெஞ்சு மாத்திரையைக் கையாலேயே தொடவில்லை. விசாரித்த சிஸ்டரிடம் முதல் தடவை எல்லாம் போடுகிறேன் என்றவர்தான் அவர். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றதற்கு, நீங்கள் அவ்வளவு அக்கறையாகக் கேட்டீர்கள், உங்கள் மனசு நோகக் கூடாதில்லையா என்றார்.

ஓர் எண்ணை அழைத்தபோது மகன் எடுத்தான். அப்பா போன மாசம் தவறிவிட்டார் என்றான். சிஸ்டர் ஆறுதலாக ஏதோ சொன்னார். என்ன மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா, கூடாதா என்று அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டார்.

டீச்சருடைய காய்ச்சல் ஒரு நாள் இறங்கி, இறங்கினபடியே நின்றது. ரத்தத்தில் அணுக்கள் மெல்ல ஏறின. வாய்ப்புண் ஆறியது. முதலில் அவர் பேசியது, இந்தச் சுவரில் சுண்ணாம்பு அடித்தவன் யார், கோடு கோணலாக இருக்கிறதே என்று. நர்ஸ் ஓடிவந்து சொன்னதும் எங்கள் வரவேற்பு மேஜையில் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு டைம்கீப்பர் சிஸ்டரின் அறைக்கு வந்தார். நடந்தது எதையும் டீச்சரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லிவிடலாமே, அது பொய் இல்லையே என்றார். சிஸ்டருக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் முடியாது என்று சொன்னார். நாளைக்கு அந்த உடம்புக்குள் போகப்போகிற மருந்து, அவருக்குத் தெரியாமல் எதுவும் இருக்கக் கூடாது என்றார்.

உள்ளே போய் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தான் சொன்னதையும், டைம்கீப்பர் அதை மாற்றிக்கொண்டதையும், ஏன் மாற்றினார் என்பதையும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட சிஸ்டர் நினைத்தார்.

"நீங்க வெள்ளிக்கிழமைன்னு சொன்னது எனக்கு நல்லா கேட்டுது" என்றார் டீச்சர்.

சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கதவுகிட்டதானே இருந்தேன். காதுல என்ன கோளாறு எனக்கு? மொத நாள் காலையில இவர் அதை எடுத்து நீட்டினதும், இது வெள்ளிக்கிழமை மாத்திரை ஆச்சேன்னு கேட்டேன். நான் விசாரிச்சுக்கிட்டேன், நீ போட்டுக்கோன்னாரு. எத்தனையோ வருஷம் வண்டிய நேரத்துக்கு அனுப்பின மனுஷன், தப்பு பண்ண மாட்டாருன்னு போட்டுக்கிட்டேன். அதோட, என் விரல் இப்படி ஆனதுலேர்ந்து அவர்தான் எல்லாம் பாக்கறாரு. ஆசையா கொண்டுவந்து நீட்டறவரை எத்தனை தடவைங்க கேள்வி கேக்கறது?"

பிறகு கண்ணைத் திறந்து சிஸ்டரைப் பார்த்தார்.

"நீங்க ஒரு தடவை என் பக்கம் திரும்பி, டீச்சர், உங்களுக்கு எப்படிப் படுதுன்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். நோய் எனக்கு. நீங்க அவரையே பாத்துப் பேசினீங்க."

வெளியே வந்த சிஸ்டர் நேராகத் தன் அறைக்குப் போனார். கதவை மூடினார். அது மூடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். திரும்பத் திறந்தபோது, உள்ளே இருந்த நாற்காலிகளில் ரெண்டை இடுப்பு வலியோடு தானே இழுத்துக்கொண்டு வந்து நடையில் போட்டார். மேஜையைச் சுவரோடு சேர்த்துத் தள்ள என்னைக் கூப்பிட்டார். சக்கர நாற்காலி உள்ளே வந்து திரும்புகிற அளவுக்கு இடம் உண்டாகும் வரை விடவில்லை.

டீச்சர் ரெண்டாம் தடவை வீட்டுக்குப் போகும்போது பழைய மருந்தை அடியோடு நிறுத்தி வேறொன்று எழுதியிருந்தார் மூட்டு டாக்டர். சிஸ்டர் இந்தத் தடவை டீச்சருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, ஏன் இந்த வேளை, ஏன் இத்தனை என்று சொன்னார். கடைசியில் புரிந்ததா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் அதோடு விட்டுவிட்டார். "இதுல எது உங்களுக்குச் சரியாப் படலை?" என்றுதான் கேட்டார். இன்றைக்கு வரை எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கிறார். முதலில் திருதிருவென்று முழிப்பார்கள். பிறகு மெதுவாக, ஒன்று கேட்டால் தப்பா நினைக்க மாட்டீர்களே என்று ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும்.

ஆனால் கதை அங்கே நேராகிவிடவில்லை. ரெண்டு நாள் கழித்து சிஸ்டர் போன் போட்டபோது டீச்சரே எடுத்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து மாத்திரையே போடவில்லை என்றார். அட்டையை அழுத்தி மாத்திரையைப் பிதுக்க அவருடைய விரல்களுக்கு பலம் இல்லை. டைம்கீப்பரோ மாத்திரையைக் கையால் தொட மறுக்கிறார். தலைவலிக்குக்கூட எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் அவர்கள் ஊரில் இல்லை.

அன்று வேலை முடிந்ததும் சிஸ்டர் அவர்கள் வீட்டுக்குப் போனார். எனக்கும் அதே வழி என்பதால் கூடப் போனேன். மாடியில் ரெண்டு அறை வீடு. சமையல் மேடை, அதை ஒட்டி ஒரு சின்ன மேஜை, மேலே மாத்திரை அட்டைகள் கட்டுக் குலையாமல். டைம்கீப்பர் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றார். கோயில் சிலை மாதிரி எப்படி நிற்கிறார் பாருங்கள், வந்ததிலிருந்து இதே கூத்துதான் என்றார் டீச்சர்.

சிஸ்டர் அவருக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. மாத்திரையைப் பிதுக்கிக் கொடுத்துவிட்டுத் தான் போய்விட்டால் நாளைக்கு யார் கொடுப்பது என்று மட்டும் கேட்டார். டைம்கீப்பர் தரையைப் பார்த்தார். திரும்பவும் தப்பாகிவிட்டால் என்றார்.

"தப்பானா நான் சொல்றேன்" என்றார் டீச்சர். "வாங்க இங்க. எதிர்ல உக்காருங்க."

அவர் வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்."

"என்ன மாத்திரை?"

அட்டையைத் தொடாமல், விரலால் காட்டினார்.

"எதுக்கு அது? எத்தனை? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

பாலர் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒன்றில் தடுமாறினார். டீச்சர் திருத்தவில்லை, காத்திருந்தார். அவரே யோசித்துச் சரியாகச் சொன்னார். பிறகு டீச்சர் அந்த முடங்கிய விரல்களோடு கையை நீட்டி வைத்துக்கொண்டார்.

டைம்கீப்பர் அட்டையை எடுத்தார். அழுத்தியதும் மாத்திரை துள்ளிப்போய் மேஜைக்கு அடியில் உருண்டுவிட்டது. சிஸ்டர் இடுப்பு நினைவில்லாமல் குனியப் போக, நான் அவரைப் பிடித்து நிறுத்தினேன். தரையில் விழுந்தது வேண்டாம், வேறு எடுங்கள் என்றார் டீச்சர். அவர் இன்னொன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னைக்குத்தானே?" என்று கேட்டார். எங்களை அல்ல, டீச்சரை.

"இன்னைக்குத்தான்" என்றார் டீச்சர். "குடுங்க."

கொடுத்தார். தண்ணீர் டம்ளரையும் எடுத்துக் கொடுத்தார். டீச்சர் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார். டைம்கீப்பர் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் நின்றபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர். டீச்சர் அவர் தோளில் கையை வைத்தார். முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மடக்கவே முடியாமல் இருந்த விரல்கள், சட்டையைக் கொஞ்சமாகப் பற்றிக்கொண்டன. சிஸ்டர் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார்.